ஹானர்ஸ் ப்ராஜெக்ட்டுக்கு எந்த ஸ்ட்ரெஸ் புரோட்டீனை எடுக்கலாம்: ஆர்போஎஸ், சிக்மா 32, சிக்மா ஈ, எஸ்பிஎக்ஸ்

போன வாரம் சிங்கப்பூர் தேக்காவுல ஒரு தம்பிய பாத்தேன், எங்க அம்மாவோட தோழி மகன், யுனிவர்சிட்டியில கடைசி வருஷம், ஆகஸ்ட்ல ஹானர்ஸ் ப்ராஜெக்ட் ஆரம்பிக்கணும். பாக்டீரியாவுக்கு கஷ்டம் வரும்போது அதோட ரெகுலேட்டர் புரோட்டீன்கள எப்படி உடைக்குது, எப்ப உடைக்காம விடுதுங்கிறதுதான் தலைப்பு. அவன் சூப்பர்வைசர் நாலு புரோட்டீன் பேரை எழுதிக் கொடுத்து இதுல ஒண்ணு நீயே முடிவு பண்ணுன்னு சொல்லிட்டாராம். "அக்கா, நாலையும் படிச்சேன், நாலும் நல்லாத்தான் இருக்கு, எதை எடுக்கிறதுன்னு புரியல"ன்னு கோப்பி ஆறிப்போற வரைக்கும் சொல்லிட்டே இருந்தான். அங்க அரை மணி நேரத்துல சொன்னதை விட்டுப்போன விஷயங்களோட சேர்த்து இங்க எழுதறேன், ஏன்னா வருஷா வருஷம் யாராவது ஒரு தம்பி தங்கச்சி இதே கேள்வியோட வர்றாங்க.

மொதல்ல ஏன் உடைக்குதுன்னு பாத்துடலாம், அது புரியாம எதை தேர்ந்தெடுத்தாலும் பாதியில திணறுவோம். குழாயை திறந்து விட்டு கீழ ஒரு ஓட்டை வாளிய வச்ச மாதிரி நினைச்சுக்கோங்க. தண்ணி விழுந்துட்டே இருக்கு, ஓட்டை வழியா போயிட்டே இருக்கு, வாளியில எப்பவும் கொஞ்சம்தான் நிக்கும். திடீர்னு தண்ணி வேணும்னா குழாயை இன்னும் பெருசா திறக்கலாம், ஆனா ஓட்டைய விரலால அடைச்சா போதும், உடனே ஏற ஆரம்பிச்சிடும். ஈ.கோலைங்கிற பாக்டீரியா ஆர்போஎஸ்ஸை இப்படித்தான் வச்சிருக்கு. ஆர்போஎஸ் ஒரு சிக்மா ஃபேக்டர், அதாவது எந்த ஜீன்களை எழுப்பணும்னு சொல்ற புரோட்டீன். நல்லா சாப்பிட்டு வளந்துட்டு இருக்கும்போதும் அதை கொஞ்சம் கொஞ்சமா தயாரிச்சு சுமார் 2 நிமிஷ அரை ஆயுள்ல (பாதி அளவு காணாம போக ஆகிற நேரம்) உடைச்சு தள்ளிட்டே இருக்கும், பசி வந்த உடனே உடைக்கிறதை நிறுத்திடும், அரை ஆயுள் 10 நிமிஷத்தை தாண்டிடும், அப்புறம் செல்லோட ஜீன்கள்ல பத்துல ஒரு பங்கு கிட்ட அதோட பேச்சை கேக்கும். இவ்ளோ சாமான தயாரிச்சு வீணாக்குதேன்னு மொதல்ல தோணும். ஆனா ஆபத்து வந்த பிறகு புதுசா எழுதி, படிச்சு, புரோட்டீன் செஞ்சு சேக்கிற நேரம் செல்லுக்கு இல்ல, அந்த நேரத்தை வாங்கத்தான் இந்த செலவு. எனக்கு இந்தத் துறையில இன்னிக்கும் பிடிச்ச விஷயம் இதுதான்.

இப்ப தேர்வுக்கு வர்றேன். நான் ரெண்டே ரெண்டு கேள்விதான் கேப்பேன். ஒண்ணு, உன் கையும் உன் கடிகாரமும் அளக்க முடியிற வேகத்துல அந்த புரோட்டீன் உடையுதா? ரெண்டு, அந்த சிஸ்டத்துல ஒவ்வொரு பாகத்தையும் தனித்தனியா எடுத்துட்டா செல் உயிரோட இருக்குமா? எது பெரிய ஜர்னல்ல வந்தது, எது நோய்க்கு சம்பந்தம், எது கேக்க அழகா இருக்குன்னு மத்தவங்க சொல்றதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். ஆகஸ்ட்ல ஆரம்பிச்சு ஏப்ரல்ல ரிப்போர்ட் கொடுக்கணும், நடுவுல கிளாஸ், டெஸ்ட், டிசம்பர் லீவு, சைனீஸ் நியூ இயர் எல்லாம் கழிச்சா கையில உருப்படியா நிக்கிறது நாலரை மாசம்.

சிக்மா 32லருந்து ஆரம்பிக்கிறேன், ஏன்னா தம்பிக்கு அதுமேலதான் ஆசை. ஹீட் ஷாக்னா எல்லாருக்கும் தெரியும், கதையும் அழகு. 30 டிகிரியில இருக்கிற ஈ.கோலைய 42 டிகிரிக்கு மாத்தினா சில நிமிஷத்துக்குள்ள சிக்மா 32 அளவு 15 மடங்குக்கு மேல ஏறும், அப்புறம் தானா இறங்கி ஒரு நிலைக்கு வரும். சாதாரணமா டிஎன்ஏகேங்கிற ஷாப்பரோன் (மத்த புரோட்டீன்கள் சரியா மடிய உதவுற புரோட்டீன்) அதை பிடிச்சு முடக்கி வச்சிருக்கும், சவ்வுல உக்காந்திருக்கிற எஃப்டிஎஸ்ஹெச்ங்கிற புரோட்டியேஸ் (புரோட்டீன்களை வெட்டுற புரோட்டீன்) அதை உடைக்கும், அரை ஆயுள் சுமார் 1 நிமிஷம். சூடு ஏறும்போது மத்த புரோட்டீன்லாம் குலைஞ்சு ஷாப்பரோனை எல்லாரும் இழுக்க, சிக்மா 32 தப்பிச்சுக்கும். வீட்டுல விருந்தாளி கூட்டம் வந்தா அம்மாவுக்கு நம்மள கண்காணிக்க நேரம் இருக்காது பாருங்க, அதே கணக்குதான்.

ஆனா அந்த 1 நிமிஷத்த அளந்து பாருங்க. புதுசா புரோட்டீன் செய்றதை ஆன்டிபயாட்டிக் போட்டு நிறுத்திட்டு 0, அரை, 1, 2, 4 நிமிஷத்துல சாம்பிள் எடுக்கணும், ஒவ்வொரு சாம்பிளும் ஐஸ்ல இருக்கிற டிசிஏங்கிற அமிலத்துல விழுந்த நொடியிலதான் அந்த கணக்கு நிக்கும். நீங்க 15 செகண்ட் தாமதிச்சா 1 நிமிஷ அரை ஆயுள் உள்ள புரோட்டீன்ல கிட்டத்தட்ட 16 சதவீதம் காணாம போயிருக்கும், 2 நிமிஷம் உள்ளதுல 8 சதவீதம்தான். ஆத்துல போட்டாலும் அளந்து போடணும்னு சொல்றாங்களே, இங்க செகண்டை அளந்து போடணும். அதுக்கு மேல இன்னொரு சிக்கல், நீங்க போடுற ஆன்டிபயாட்டிக்கே புது புரோட்டீன் வர்றதை நிறுத்துது, புது புரோட்டீன் வரலன்னா ஷாப்பரோனுக்கு வேலை குறையுது, ஷாப்பரோனுக்கு வேலை குறைஞ்சா சிக்மா 32 கதையே மாறுது, அதாவது அளக்கிற கோலே அளக்கிற பொருளை நகத்துது. ரேடியோஆக்டிவ் சல்ஃபர் வச்சு பல்ஸ் சேஸ் பண்ணா, அதாவது புது புரோட்டீனுக்கு கொஞ்ச நேரம் அடையாளம் வச்சு அது மறையிறதை பின்தொடர்ந்தா, பரவால்ல, ஆனா அதுக்கு லைசென்ஸ் உள்ள ரூமும் பயிற்சியும் வேணும், ஹானர்ஸ் ஸ்டூடண்ட்டுக்கு பல லேப்ல அதை தரவே மாட்டாங்க.

ரெண்டாவது கேள்வி இன்னும் மோசம். எஃப்டிஎஸ்ஹெச் இல்லாம ஈ.கோலை வாழாது, வேற ஒரு ஜீன்ல அந்த இழப்பை ஈடுகட்டற சப்ரெஸர் மியூட்டேஷன் வச்சாத்தான் அந்த நாக்அவுட் (அந்த ஜீனை எடுத்த செல்) கிடைக்கும், அப்ப உங்க கண்ட்ரோல்லயும் அதே சப்ரெஸரை வைக்கணும். டிஎன்ஏகேய எடுத்தா செல் நோயாளி மாதிரி வளரும், சூட்டுல போயிடும். எதை தொட்டாலும் எல்லாம் சேர்ந்து அசையுது. பிஎச்டி பண்ண வர்றவங்களுக்கு இதுதான் விருந்து, நாலரை மாசத்துக்கு இல்ல.

சிக்மா ஈ பத்தி சுருக்கமா சொல்லிடறேன். இங்க உடைபடறது சிக்மா ஃபேக்டர் இல்ல, அதை கட்டி வச்சிருக்கிற ஆர்எஸ்இஏங்கிற ஆன்டி சிக்மா. வெளிச்சவ்வுல போரின்ங்கிற வாசல் புரோட்டீன்கள் சரியா மடியலன்னா அதோட வால் பக்கம் டெக்எஸ் புரோட்டியேஸை எழுப்பும், டெக்எஸ் வெளிப்பக்கம் ஒரு வெட்டு, ஆர்எஸ்இபி சவ்வுக்குள்ளயே ஒரு வெட்டு, கடைசி துண்டை எஸ்எஸ்பிபிங்கிற அடாப்டர் (இரையை பிடிச்சு கொடுக்கிற புரோட்டீன்) துணையோட கிளிப்எக்ஸ்பிங்கிற புரோட்டியேஸ் முழுங்கிடும், சிக்மா ஈ விடுதலை. மூணு வெட்டு வரிசையா நடக்குது, முதல் வெட்டு விழாம ரெண்டாவது விழாது, படிக்கும்போது பிரமிப்பா இருக்கும். ஆனா சிக்மா ஈ, டெக்எஸ், ஆர்எஸ்இபி மூணுமே ஈ.கோலைக்கு உயிர்நாடி. டெக்எஸ்ஸை எடுக்கணும்னா ஆர்எஸ்இஏவையும் எடுக்கணும், ஆர்எஸ்இஏவை எடுத்துட்டா அப்புறம் எதை அளப்பீங்க? ஸ்ட்ரெஸ்ஸே கொடுக்காம போரின் வால் மாதிரி ஒரு பெப்டைடை பிளாஸ்மிட்லருந்து (செல்லுக்குள்ள தனியா போடற சின்ன டிஎன்ஏ வளையம்) செய்ய வச்சு இந்த வழிய எழுப்பலாம், அது மட்டும் ரொம்ப சுத்தமான பரிசோதனை. சவ்வு புரோட்டீன் ஏற்கனவே ஓட்டிட்டு இருக்கிற லேப்னா எடுங்க, இல்லன்னா வேணாம்.

எஸ்பிஎக்ஸ் இருக்கிறது பேசிலஸ் சப்டிலிஸ்ங்கிற வேற பாக்டீரியாவுல. சாதாரண நாள்ல ஒய்ஜேபிஹெச்ங்கிற அடாப்டர் அதை பிடிச்சு கிளிப்எக்ஸ்பிகிட்ட கொடுத்துட்டே இருக்கும், டையமைடு மாதிரி கெமிக்கல் போட்டு தையோல் ஸ்ட்ரெஸ் (புரோட்டீன்ல இருக்கிற சல்ஃபர் பகுதிகளை தாக்குற கஷ்டம்) கொடுத்தா ஒப்படைக்கிறது நின்னு எஸ்பிஎக்ஸ் சேர்ந்துடும். அடாப்டர் கதை ஆர்போஎஸ் மாதிரியே இருக்கேன்னு கேட்டான் தம்பி, ஆமா மாதிரிதான். ஆனா எஸ்பிஎக்ஸ்ல ரெண்டு சிஸ்டீனுக்கு நடுவுல டைசல்ஃபைடு கட்டு விழுந்தா அதோட வேலை செய்ற திறனும் மாறுது, அதனால அளவு ஏறினதாலயா, திறன் மாறினதாலயான்னு பிரிச்சு சொல்ல கூடுதல் மியூட்டன்ட் வேணும். பேசிலஸ்ல கிளிப்எக்ஸ்பியோட ரெண்டு பாகமான கிளிப்எக்ஸ், கிளிப்பி எடுத்தா செல் சோர்ந்து போகும், அந்த சோர்வை போக்கிற மியூட்டேஷன் எங்க விழுந்துச்சுன்னு தேடினப்பதான் இந்த ஜீனே கண்ணுல பட்டுச்சு, பேரு வந்ததும் அதனாலதான். ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ்லயும் இதே ஜோடி இருக்கு, பின்னாடி ஆஸ்பத்திரி பாக்டீரியா பக்கம் போகணும்னு தெளிவா இருக்கிறவங்களுக்கு இது நல்ல முதல் படி. பேசிலஸ் ஏற்கனவே வளக்கிற லேப்பா இருக்கணும், அது மட்டும் கட்டாயம். ஈ.கோலை லேப்ல ஒருத்தர் மட்டும் பேசிலஸ் வச்சிருந்தா ஸ்போர் எல்லார் பிளேட்லயும் போய் உக்காரும், சண்டைதான் வரும்.

சரி, ஆர்போஎஸ். நான் இதுக்குத்தான் ஓட்டு போடறேன், காரணத்தை கொஞ்சம் நீட்டியே சொல்றேன்.

இங்க அடாப்டர் ஆர்எஸ்எஸ்பி. ஆர்போஎஸ்ஸை பிடிச்சு கிளிப்எக்ஸ்பி வாசல்ல கொண்டு போய் விட்டுட்டு தான் மட்டும் திரும்பி வந்து அடுத்ததை பிடிக்கும், தான் உடையாது. ஆர்எஸ்எஸ்பி இல்லாத செல்லுல வளந்துட்டு இருக்கும்போதே ஆர்போஎஸ் நிறைய நிக்கும், செல் உயிரோட இருக்கும், வளரும். கிளிப்எக்ஸ் எடுத்தாலும் உயிரோட இருக்கும், ஆனா கிளிப்எக்ஸ்பி வேற நிறைய புரோட்டீனையும் உடைக்குது, அதனால உங்க மெயின் கண்ட்ரோல் ஆர்எஸ்எஸ்பி நாக்அவுட்டா இருக்கட்டும், கிளிப்எக்ஸ் துணைக்கு நிக்கட்டும். இதுக்கு மேல ஆன்டி அடாப்டர்னு மூணு சின்ன புரோட்டீன், ஆர்எஸ்எஸ்பிய போய் பிடிச்சு வேலை செய்ய விடாம தடுக்கும்: பாஸ்பேட் பத்தலன்னா ஐராபி, மெக்னீசியம் பத்தலன்னா ஐராஎம், டிஎன்ஏ அடிபட்டா ஐராடி. அமெரிக்காவுல என்ஐஹெச்ங்கிற அரசு ஆராய்ச்சி நிலையத்துல சூசன் காட்ஸ்மேன் லேப்ல 2006ல ஐராபிய கண்டுபிடிச்சாங்க, அதுக்கப்புறம்தான் ஒவ்வொரு கஷ்டத்துக்கும் ஒரு தனி விரல் வந்து அதே ஓட்டைய அடைக்குதுன்னு புரிஞ்சது. மூணுமே எடுத்தா செல் சாகாது. 2006லயே வந்த கெய்யோ கலெக்ஷன்ல ஈ.கோலையோட 3985 ஜீன்கள் ஒவ்வொண்ணா எடுத்த ஸ்ட்ரெய்ன் இருக்கு, பக்கத்து லேப் ஃப்ரீசர்லயே கிடைக்கும், பி1 ஃபேஜ்ங்கிற பாக்டீரியா வைரஸ் வச்சு உங்க ஸ்ட்ரெய்னுக்கு மாத்திக்கலாம், ஒரு வாரம் பத்து நாள் வேலை.

எந்த கஷ்டத்தை கொடுக்கிறதுன்னு உள்ளுக்குள்ள இன்னொரு தேர்வு இருக்கு, இதுல நிறைய பேர் குளுக்கோஸை எடுப்பாங்க, ஏன்னா குளுக்கோஸ் தீர்றது எளிது. நான் பாஸ்பேட்டை எடுங்கன்னு சொல்வேன். குளுக்கோஸ் தீர்ந்தா ஆர்போஎஸ் நிக்கிறதுக்கு ஏடிபி (செல்லோட எனர்ஜி காசு) அளவு இறங்கறதே ஒரு காரணம்னு 2012ல காட்டியிருக்காங்க, கிளிப்எக்ஸ்பிக்கு ஓட ஏடிபி வேணும்ல, அப்ப நீங்க எடுத்து பாக்கிறதுக்குன்னு தனியா ஒரு ஜீன் கையில இருக்காது, முடிவை நிரூபிக்க ஏடிபி அளக்கணும். பாஸ்பேட்ல மாப்ஸ்ங்கிற வளர்ப்பு மீடியத்துல பாஸ்பேட்டை குறைச்சு வளத்தா தானா தீரும், வளர்ச்சி வளைஞ்சு தட்டையாகிற நேரம் ஓடி கர்வ்ல (கல்ச்சர் எவ்ளோ கலங்கியிருக்குன்னு காட்டுற கோடு) தெளிவா தெரியும், ஐராபி இருக்கிற செல்லுல ஆர்போஎஸ் நிக்கும், ஐராபி எடுத்த செல்லுல உடைஞ்சு போகும். ஒரே படத்துல ஆம், இல்லைன்னு ரெண்டு வரிசை. எக்ஸாமினர் முன்னாடி நின்னு விளக்கும்போது இந்த மாதிரி படம் கையில இருக்கிறது எவ்ளோ பெரிய தைரியம்னு நின்னவங்களுக்குத்தான் தெரியும்.

ஆர்போஎஸ்ஸுக்கும் குழி இருக்கு, மறைக்க மாட்டேன். வளந்துட்டு இருக்கிற செல்லுல ஆர்போஎஸ் ரொம்ப கம்மி, வெஸ்டர்ன் பிளாட்ல (ஆன்டிபாடி வச்சு ஒரு புரோட்டீனை கோடா காட்டுற முறை) பேண்ட் மங்கலா நூல் மாதிரி தெரியும், அதை பாத்துட்டு பசங்க உடனே பிளாஸ்மிட்ல ஆர்போஎஸ்ஸை நிறைய செய்ய வச்சுடலாம்னு கிளம்புவாங்க. பண்ணாதீங்க. செல்லுல ஆர்எஸ்எஸ்பி கொஞ்சம்தான் இருக்கு, ஆர்போஎஸ்ஸை கொட்டினா அதால தூக்க முடியாம திணறும், உடையிறது மெதுவாகும், நீங்க அதை பாத்துட்டு ஸ்டேபிள் ஆயிடுச்சுன்னு எழுதிடுவீங்க, அது பொய். க்ரோமோசோம்ல இருக்கிற ஒரே காப்பியோடவே வேலை செய்ங்க, சாம்பிளை கூட லோட் பண்ணுங்க, ஆன்டிபாடிய நல்லதா வாங்குங்க, ஆர்போஎஸ்ஸுக்கு மோனோக்ளோனல் விலைக்கு கிடைக்குது. புரோட்டீனோட வாலுல டேக் (அடையாளத் துண்டு) ஒட்டறதும் அப்படித்தான், நுனியில எதையாவது ஒட்டினா உடையிற வேகமே மாறலாம். தம்பி லாக்இசட் ஃப்யூஷன் (ஆர்போஎஸ்ஸோட கலர் தர்ற என்சைமை ஒட்டறது) பத்தியும் கேட்டான், அது ஸ்ட்ரெய்ன்களை ஒப்பிட சௌகரியம், மஞ்சள் கலர் வர்றதை பாத்தே கண்ணால சொல்லிடலாம், ஆனா நிமிஷக் கணக்கை அது சொல்லாது. வெஸ்டர்னுக்கு பதிலா அதை வைக்காதீங்க, அதுக்கு முன்னாடி ஒரு முதல் அலசலுக்கு வைங்க.

அடுத்த குழிதான் பெருசு, இதுல நானே விழுந்திருக்கேன். முதல் வேலையில சேர்ந்த புதுசு, ஒரு லேப்ல, மைனஸ் 80 ஃப்ரீசர்ல இருந்த வைல்ட் டைப்னு, அதாவது ஜீன் எதுவும் மாத்தாததுன்னு, எழுதின ஸ்டாக்கை எடுத்து ரெண்டு மாசம் அதுலயே மியூட்டன்ட் எல்லாம் கட்டினேன். டைம் பாயிண்ட் எடுத்தேன், தீபாவளிக்கு மறுநாள் கூட காலையில போய் எடுத்தேன், பிளாட் ஓட்டினேன், ஒரு கோடு கூட இல்ல. ஆன்டிபாடி மேல சந்தேகப்பட்டு புதுசு வாங்கினோம். கடைசியில அந்த ஸ்டாக்லயே ஆர்போஎஸ் ஜீன் கெட்டுப்போயிருந்திருக்கு, எனக்கு முன்னாடி யாரோ பழைய பிளேட்லருந்து எடுத்து ஃப்ரீஸ் பண்ணியிருக்காங்க, யாரும் சரிபாக்கல. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைஞ்ச மாதிரி அன்னிக்கு லிஃப்ட்ல நின்னு அழுதேன். இதுக்கு காரணம் இருக்கு, ஆர்போஎஸ் பலமா இருக்கிற செல் காப்பாத்திக்கிட்டு மெதுவா வளரும், பட்டினியில நாள் கணக்கா கிடக்கிற கல்ச்சர்ல ஆர்போஎஸ் பலவீனமான மியூட்டன்ட் எழுந்து மத்தவங்களை முந்திடும், 1993லயே இதை நிரூபிச்சிருக்காங்க. அதனால பழைய பிளேட், பழைய ஸ்டாப் (ட்யூப்ல குத்தி வச்ச கல்ச்சர்) எதுலருந்தும் ஸ்டாக் எடுக்காதீங்க. ஆர்எஸ்எஸ்பி நாக்அவுட்ல இன்னும் ஜாக்கிரதையா இருங்க, அங்க ஆர்போஎஸ் எப்பவும் அதிகம், அதனால அதை தொலைச்ச செல்லுக்கு லாபம் அதிகம். ஒவ்வொரு தடவையும் ஃப்ரீசர்லருந்தே எடுத்து பிளேட்ல புதுசா தேய்ங்க.

சரிபாக்கிறது எப்படின்னா, செலவே இல்லாத வழி இருக்கு. ராத்திரி முழுக்க வளந்த பிளேட்டை எடுங்க, பார்மசியில கிடைக்கிற 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடை ஒரு காலனி மேல ஒரு சொட்டு விடுங்க. ஆர்போஎஸ் நல்லா இருந்தா அதோட பேச்சை கேக்கிற காட்டலேஸ் (பெராக்சைடை உடைக்கிற என்சைம்) நிறைய இருக்கும், உடனே பொங்கி நுரை வரும், சோத்துப் பானை பொங்கற மாதிரி. கெட்டுப்போயிருந்தா இன்னொரு காட்டலேஸ் கொஞ்சம் இருக்கிறதால சுத்தமா நுரைக்காம இருக்காது, ஆனா ஒண்ணு ரெண்டு குமிழ் சோம்பலா வரும். ஆர்போஎஸ் நாக்அவுட் ஒண்ணு பக்கத்துல வச்சு ஒப்பிட்டா தப்பே பண்ண முடியாது. 5 நிமிஷ வேலை, என்னோட ரெண்டு மாசத்தை காப்பாத்தியிருக்கும்.

அப்ப எந்த சூழ்நிலையிலயும் ஆர்போஎஸ்தானான்னா, இல்ல. சூடேத்தி இறக்கி செகண்ட் கணக்குல சாம்பிள் எடுக்கிற சீனியர் பக்கத்துல நின்னு கத்துக்கொடுக்கிற லேப்ல இருந்தா, பிஎச்டி பண்றதுன்னு மனசுல முடிவும் இருந்தா, சிக்மா 32 எடுங்க, முதல் வருஷம் ரிசல்ட் கம்மியா இருந்தாலும் கை பழகிடும். ஆஸ்பத்திரி பக்கம் போற எண்ணமும் பேசிலஸ் லேப்பும் இருந்தா எஸ்பிஎக்ஸ். சவ்வு புரோட்டீன் லேப்னா சிக்மா ஈ. மத்த எல்லாருக்கும் ஆர்போஎஸ். வீக்டேல கிளாஸ், சாயங்காலம் டியூஷன் சொல்லிக் கொடுக்கிற பையனுக்கு சனிக்கிழமை ஒரே மூச்சுல முடியிற பரிசோதனை வேணும். காலையில பத்து மணிக்கு கல்ச்சர் ஆரம்பிச்சு, மதியம் பாஸ்பேட் தீர்ற நேரத்துல டைம் பாயிண்ட் எடுத்து, டிசிஏவுல போட்டு ஃப்ரீஸ் பண்ணிட்டு சாயங்காலம் ஒன்-நார்த்ல ட்ரெயின் ஏறிடலாம், பிளாட்டை வாரத்துல ரெண்டு சாயங்காலமா பிரிச்சுக்கலாம். 0, 2, 4, 8, 16 நிமிஷம், அஞ்சு ட்யூப், ஐஸ்ல வரிசையா, மூடியில நம்பர் முன்னாடியே எழுதி. ஒருத்தர் நேரம் சொல்ல ஒருத்தர் எடுக்கணும், முதல் ரெண்டு தடவை தனியா பண்ணாதீங்க.

தம்பி ஆர்போஎஸ்ஸும் பாஸ்பேட்டும்னு சூப்பர்வைசருக்கு எழுதிட்டான். சிக்மா 32 மேல இருக்கிற ஆசை போகலன்னு அவன் முகத்துல தெரிஞ்சது, போகவும் வேணாம், அது அங்கயே இருக்கும். நேத்து ராத்திரி லேப்லருந்து போட்டோ அனுப்பியிருந்தான், சீனியர்கிட்ட கேட்டு ஃப்ரீசர்ல வைல்ட் டைப்னு எழுதியிருந்த மூணு ஸ்டாக்கை தேய்ச்சு பெராக்சைடு விட்டிருக்கான். ரெண்டு நல்லா பொங்கியிருக்கு. மூணாவதுல குமிழ் எண்ணிப் பாக்கிற அளவுதான் இருக்கு, அந்த ட்யூப் மூடியில சிவப்பு மார்க்கர்ல பெருக்கல் குறி போட்டிருந்தான்.